இரண்டு நொடி தாமதம்

வர்ஸாசாத் ஊருக்கு வெளியே
நாரும் சுண்ணாம்பும் குழைத்து
ஒரு தேவாலயம் எழுப்பியிருந்தார்கள்.
முன்பக்கம் மட்டும். பின்னால் போனால்
முட்டுக்கட்டைகள், சிறுநீர் வாடை.
போன மாதம் அதுதான் பாபிலோனின் கோட்டைவாசல்.

என் பெயர் ஹம்மூ. தொழில், சாவது.
ரோமானியர் வாளில் ஒன்பது முறை,
சிலுவைப்போரில் இரண்டு தரப்பிலும்,
மற்றபடி பெரும்பாலும் குண்டு.
நாளுக்கு முந்நூறு திர்ஹாம்.
குதிரையிலிருந்து விழுந்தால் நூறு கூட.

அன்று காலை எனக்குச் சாவு இல்லை.
விளக்குப் பிடிக்கக் கூரைமேல் ஏற்றினார்கள்.
கீழே ரெட்மண்ட் என்கிற பையன்,
படைவீரன் உடுப்பில், முழந்தாளிட்டு;
கண்ணுக்குக் கீழே தைலம் தடவியிருந்தது.
தோழர்கள் எல்லாரும் செத்துவிட்டார்களாம்,
வெளியே ஈராக்காம்.
அவன் ஆமென் சொன்னதும்
நான் தகட்டை விலக்க வேண்டும்,
ஒளி அவன் நெற்றியில் விழ வேண்டும்.

முதல் முறை முந்திவிட்டேன்.
"கேட்கும் முன்பே கொடுக்கிறாரே!" என்று சிரிப்பு.
அடுத்த முறை தகடு சிக்கிக்கொண்டு
இரண்டு நொடி தாமதம்.
"கடவுள் தூங்கிவிட்டார். மறுபடி!"
ஏழாவது முறைதான் சரியாக வந்தேன்.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.
பையன் மட்டும் எழவில்லை.
கேமரா இல்லை, தைலம் காய்ந்துவிட்டது,
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
என்ன கேட்டான் என்று தெரியாது.
தகட்டைத் திறக்கலாமா என்று யோசித்தேன்.
மூடியே வைத்தேன்.

பிற்பகல் என் முறை.
இடுப்பில் பட்டாசுகளைக் கட்டிவிட்டு
ஸுஹூர் சொன்னாள்,
காஸாபிளாங்காவில் படித்த பெண், என் முகத்தைப் பார்க்காமல்:
"அந்த இரண்டு சொல்லையும் கத்தணும்.
கண்ணை உருட்டணும். பிறகு ஓடணும்."

அந்த இரண்டு சொல்லை
ஒரு நாளில் எத்தனையோ முறை சொல்கிறவன் நான்.
வலிக்கிற முழங்காலைப் பிடித்து எழும்போது.
மகள் பிறந்தபோது அவள் காதருகே.
கத்தியதில்லை. அவனுக்கென்ன காது கேட்காதா?

ஓடத் தொடங்கியதும்தான் நினைவு வந்தது:
காலையில் தேநீர் வைத்த பிறகு
எரிவாயு உருளையின் திருகை மூடினேனா?
உள்ளே இட்டோ தூங்குகிறாள்,
மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து,
ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு.

வாய் திறந்தது.
வந்தது அரபு அல்ல, எங்கள் தஷல்ஹீத்:
"இறைவா, அந்தத் திருகு! அந்தத் திருகைப் பார்த்துக்கொள்!"
நெஞ்சே கிழிகிறாற்போல.
பட்டாசு வெடித்தது. விழுந்தேன்.
இயக்குநர் கைதட்டினார்:
இவ்வளவு வெறுப்பை ஒரு முகத்தில்
அவர் பார்த்ததே இல்லையாம்.

சர்க்கரைப்பாகு ரத்தத்தோடு வீட்டுக்கு ஓடினேன்,
பின்னால் தேனீக்கள்.
இட்டோ தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.
"மூடித்தானே இருந்தது, அப்பா. நீதான் மூடியிருப்பாய்."
நானா?
இன்றுவரை நினைவில்லை.

குளிர்காலத்தில் அந்தப் படம்
பேருந்து நிலையத்துக் காபிக் கடையில் ஓடியது.
ரெட்மண்டின் ஜெபம் நான்கு நிமிடம்,
வயலின்கள், அவன் நெற்றியில் என் ஒளி.
அவன் பிழைத்தான்.
என் ஜெபம் ஒன்றரை நொடி.
கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடியது:
அந்நிய மொழியில் அலறுகிறான்.

கடையில் இருந்த அத்தனை பேருக்கும்
அது தாய்மொழி.
ஒரு கணம் யாரும் பேசவில்லை.
"என்னது, திருகா?" என்றார் ஒருவர்.
பிறகு சிரித்தார்கள் பாருங்கள்,
இட்டோவுக்குப் புரையேறியது,
அடுத்த காட்சியில் யார் செத்தார்கள் என்று
ஒருவருக்கும் தெரியாது.

இப்போதும் உருளை கொண்டுவருகிறவன்
தெருமுனையிலிருந்தே கேட்கிறான்:
"ஹம்மூ, மூடியாச்சா?"
"மூடியாச்சு" என்கிறேன்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன்,
அவர்கள் கத்தச் சொன்ன அதே இரண்டு சொல்லோடு,
வழக்கம்போல, மெதுவாக.